கோட்டு சார்

அவருக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் கோட்டு சார். அவர் காதுபடவே அப்படித்தான் பேசிக்கொள்வோம். சித்திரை வெயிலிலும் கழுத்துப் பொத்தான் வரை மாட்டிய வெள்ளைக் கோட்டோடு நடமாடுவதால் வந்த பெயர் என்று அவர் நம்பினார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. உண்மையில் நாங்கள் சொன்னது அவர் போட்டிருந்த கோட்டை அல்ல, அவர் போடும் கோட்டை. இது தெரியாமலே அவர் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். நாங்களும் அவரைப் பார்த்துச் சிரித்தோம். இரண்டும் ஒரே சிரிப்பல்ல.

நாகர்கோவிலில் ஒரு தனியார் பரிசோதனை நிலையத்தில் நான் நோயியல் மருத்துவராக இருந்தேன். கீழ்த்தளத்தில் சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு. காலை ஆறு மணிக்கே வெறும் வயிற்றோடு ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். மாடியில் குளிரூட்டிய ஓர் அறை, அதில் ஃப்ளோ சைட்டோமீட்டர் என்ற மெஷின், அந்த மெஷினுக்கு அவர். வளைகுடாவில் இருபது வருடத்துக்கு மேல் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்துவிட்டுத் தக்கலையில் வீடு கட்டினார். கட்டிய வீட்டில் சும்மா உட்கார முடியாமல் இங்கே வந்து சேர்ந்தார். வயதில் என்னைவிட ரொம்பவும் மூத்தவர். பதவியில் நான் மேலே. ரிப்போர்ட்டின் அடியில் இடது பக்கம் அவர் கையெழுத்து, வலது பக்கம் என் கையெழுத்து. வலது பக்கம் கையெழுத்து விழாமல் எந்தக் காகிதமும் மாடிப்படி இறங்காது.

அந்த மெஷினைப் பற்றி நாலு வரி சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது. ரத்தத்திலுள்ள செல்களை அது ஒன்றன்பின் ஒன்றாக லேசர் ஒளிக்கு முன்னால் ஓடவிடும். அதற்கு முன்பே ஒளிரும் சாயம் ஏற்றிய ஆன்டிபாடிகளை ரத்தத்தில் கலந்திருப்போம். ஒவ்வொரு ஆன்டிபாடியும் செல்லின் மேல் தனக்குரிய ஒரு குறியைத் தேடிப் பிடிக்கும். குறி உள்ள செல் ஒளிரும். திரையில் ஒவ்வொரு செல்லும் ஒரு புள்ளி. மங்கியவை இடப்பக்கம், ஒளிர்பவை வலப்பக்கம். என்னென்ன குறிகள் இருக்கின்றன என்று பார்த்து, இது இன்ன வகை ரத்தப் புற்றுநோய் என்று எழுதுவோம்.

சிக்கல் என்னவென்றால், குறி இல்லாத செல்லும் கொஞ்சம் ஒளிரும். சம்பந்தமில்லாத இடத்திலும் ஆன்டிபாடி போய்ச் சும்மா ஒட்டிக்கொள்ளும். அந்தப் பொய் வெளிச்சம் எவ்வளவு என்று அறியத்தான் ஐசோடைப் கண்ட்ரோல். அதுவும் ஆன்டிபாடிதான். அதே வகை, அதே சாயம். ஆனால் மனித செல்லில் அது தேடிப் பிடிக்க எந்தக் குறியும் கிடையாது. அதைத் தனியாக ஒரு குழாயில் கலந்து ஓட்டினால் வருவது முழுக்கப் பொய் வெளிச்சம். அது முடியும் இடத்தில் ஒரு கோடு. கோட்டுக்கு வலப்பக்கம் ‘உண்டு’, இடப்பக்கம் ‘இல்லை’.

இந்தக் கோட்டைத்தான் சார் ஆராதனை நடத்துவதுபோலப் போடுவார். மௌஸைத் தொடும்முன் கையுறையைக் கழற்றுவார், கண்ணாடியைத் துடைப்பார், ஒரு மூச்சு இழுத்து விடுவார். கோடு விழுந்ததும், “போட்டாச்சு” என்பார். பிறகு மயிரிழை நகர்த்தச் சொன்னாலும் நடக்காது.

“சார், இந்தக் கூட்டம் கோட்டு மேலயே ஏறி நிக்குதே, பாதி இங்க, பாதி அங்க?” என்று நான் ஒருமுறை கேட்டேன்.

“நிக்கட்டும் டாக்டரே. அங்கன உள்ளது பாசிட்டிவ், இங்கன உள்ளது நெகட்டிவ். நம்ம இஷ்டத்துக்கு இழுக்கியதுக்கு இது என்ன வேலித் தகராறா?”

அறையில் எங்களோடு இருந்த இன்னொருத்தி ஜெபா. டெக்னீஷியன். வாயைத் திறந்தால் கேலிதான் வரும். முதலாளியின் மச்சினன் ஒருவர் கீழே ஒரு கண்ணாடி அறையில் உட்கார்ந்திருப்பார். என்ன வேலை என்று யாருக்கும் தெரியாது. ஜெபா ஒருநாள் சாரிடமே கேட்டுவிட்டாள். “சார், எல்லாரையும்போல நாற்காலி, எல்லாரையும்போல சம்பளம், ஆனா ஒண்ணையும் புடிக்காது. ஐசோடைப்புன்னா நம்ம மச்சினன்தானே?”

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. சார் சிரிக்கவில்லை. “கேவலமா நெனைக்காத மக்கா. ஒண்ணும் செய்யாதவரு எவ்வளவு செய்யியாருன்னு தெரிஞ்சாத்தான், செய்யியவன் எவ்வளவு செய்யியான்னு தெரியும்” என்றார். அவர் நகைச்சுவைக்காகச் சொல்லவில்லை என்பதுதான் அதில் வேடிக்கை.

அறை முழுக்கக் கோடுகள். செருப்பு இதற்கு மேல் வரக்கூடாது என்று தரையில் சிவப்பு டேப். குளிர்பெட்டியின் உள்ளே தட்டுக்குத் தட்டு டேப். செய்முறைகளை எழுதி, கண்ணாடிக் காகிதம் ஒட்டி, சுவரில் மாட்டியிருந்தார். ஒருநாள் முதலாளி பளபளக்கும் ஷூவோடு சிவப்பு டேப்பைத் தாண்டி உள்ளே வந்து ஏதோ கேட்டார். சார் பதில் சொல்லவில்லை. ஷூவையே பார்த்துக்கொண்டு நின்றார். முதலாளி இரண்டாம் முறையும் கேட்டார். சார் அப்போதும் ஷூவைத்தான் பார்த்தார். கடைசியில் முதலாளி பின்னால் நகர்ந்து கோட்டுக்கு அப்பால் நின்றதும், “சொல்லுங்க முதலாளி” என்றார், அப்போதுதான் அவர் வந்ததுபோல. அந்தக் காட்சியை ஜெபா நடித்துக் காட்டி நாங்கள் ஒரு மாதம் சிரித்தோம்.

குளச்சலில் ஒரு ரத்தப் பரிசோதனை முகாம் முடித்துத் திரும்பும்போது மீன் வாங்க இறங்கினார். விற்பவள் செவுளைத் திறந்து சிவப்பைக் காட்டினாள். சார் திருப்தி அடையவில்லை.

“நேத்தைய மீன் ஒண்ணு இருந்தா காட்டும்மா. பக்கத்துல வச்சுப் பாத்தாத்தானே தெரியும்?”

“நேத்தைய மீன் வேணும்னா நேத்துல்லா வந்திருக்கணும் சாரே” என்றாள் அவள். சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஜெபா தக்கலை வரும்வரை சிரிப்பை நிறுத்தவில்லை. சார் மீன் வாங்காமலே வண்டியில் ஏறி, “நியாயமாத்தான் கேட்டேன்” என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்.

இதெல்லாம் சில்லறை. அவர் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தது பெரிய கதை.

மகள் திருவனந்தபுரத்தில் வங்கி வேலையில் இருந்தாள். நல்ல இடத்திலிருந்து ஒரு பையன் வந்தான். இன்ஜினியர், ஒரே சபைக்காரர்கள், குடும்பத்தைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை. சார் அவனைத் தனியாக உட்கார வைத்துப் பதினாறு கேள்வி கேட்டார். பதினாறுக்கும் பையன் நல்ல பதில் சொன்னான். சாருக்கு அதுதான் இடித்தது. பெண் கேட்டு வருகிறவன் நல்ல பதில்தானே சொல்வான்? எது நிஜ வெளிச்சம், எது பொய் வெளிச்சம்?

எங்கள் மெஷினைப் பழுது பார்க்க மார்த்தாண்டத்திலிருந்து அஜின் என்றொரு சர்வீஸ் இன்ஜினியர் வருவான். அடுத்த சனிக்கிழமை சார் அவனைத் தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். திங்கட்கிழமை அவன் எங்களிடம் வந்து தலையைச் சொறிந்தான்.

“கப்பையும் மீன்கறியும் தந்தாங்க டாக்டர். அதுவரைக்கும் ஒண்ணும் குழப்பமில்ல. கைகழுவிட்டு வந்தா, ஒரு பேப்பரை விரிச்சு வச்சுக்கிட்டு, நீ குடிப்பியான்னு கேக்காரு. இல்லேன்னேன். கோவம் வருமான்னாரு. எப்பவாவதுன்னேன். பெண்டாட்டி வேலைக்குப் போறது இஷ்டமான்னாரு. எதுக்கு இதெல்லாம்னு எனக்கு மனசிலாகவே இல்ல.”

எங்களுக்கு மனசிலாயிற்று. அவனைக் கண்ட்ரோலாக ஓட்டியிருக்கிறார். அதுவும் ஏனோதானோ கண்ட்ரோல் இல்லை. அதே வயது, அதே படிப்பு, அதே சபை, கிட்டத்தட்ட அதே சம்பளம். “உயரங்கூட பாத்தேன்” என்று சார் என்னிடம் பெருமையாகச் சொன்னார். “எல்லாத்துலயும் ஒத்துப்போகணும், பெண்ணு கேட்டு வந்த ஒண்ணைத் தவிர. அப்பத்தான் அது கண்ட்ரோலு.”

முடிவையும் அவரே விளக்கினார். “பதினஞ்சு கேள்விக்கு ரெண்டு பேரும் ஒரே பதிலு. பெண்ணு கேட்டு வராதவனே இவ்வளவு நல்லவனாப் பேசுகான். அப்ப அந்தப் பதினஞ்சுக்கும் மதிப்பில்ல. பதினாறாவது, வீட்டுல சமையலு ஆருன்னு கேட்டேன். மாப்பிள்ளப் பையன், அம்மா இருக்காங்கன்னான். இவன், இப்பவும் நான்தான் சார் பொங்குகேன்னான். கண்ட்ரோலுக்குக் கீழ போயிட்டான் மாப்பிள்ள. வேண்டாம்னு சொல்லியாச்சு.”

அதோடு முடிந்திருந்தால் அவருக்கு நிம்மதி. அந்தச் சனிக்கிழமை வீட்டுக்கு வந்திருந்த மகள், அடுக்களையிலிருந்து பதினாறு கேள்வியையும் அஜினின் பதினாறு பதிலையும் கேட்டிருந்தாள். இரண்டு மாதம் கழித்து, கட்டினால் அஜினைத்தான் கட்டுவேன் என்றாள்.

“ஏட்டி, அவன் கண்ட்ரோலு!” என்று சார் கத்தியிருக்கிறார்.

“வயசு, படிப்பு, சபை, உயரம் எல்லாம் ஒண்ணுபோல பாத்துத்தானே கொண்டு வந்திய? இனி அவங்கிட்ட என்ன குறை சொல்லுவிய?”

சாரால் ஒரு குறையும் சொல்ல முடியவில்லை. எல்லாக் குறைகளையும் அவரே முன்கூட்டிச் சரிபார்த்து நீக்கியிருந்தார். தக்கலையில் நடந்த கல்யாண விருந்தில் சாரின் மனைவி எங்கள் பந்திக்கு வந்து இதைச் சொன்னபோது எனக்குப் பாயசம் புரையேறி, ஜெபா முதுகில் தட்ட வேண்டியதாயிற்று. மணமேடையில் சார் கல்யாணக் கோட்டு போட்டுக்கொண்டு, தன் பரிசோதனை ஒன்று இப்படிக் கைமீறிப் போனதை ஏற்க முடியாத முகத்தோடு நின்றார்.

இப்படி ஒரு மனிதர். மருமகனாக நினைத்தே பார்க்காத ஒருவனைத் தேர்ந்தெடுக்க உயரம்வரை ஒப்பிட்டுப் பார்த்தவர், குளிர்பெட்டியில் இருந்த குப்பியின் லேபிளைப் படிக்கவில்லை.

நடந்தது இதுதான். நாங்கள் வழக்கமாக வாங்கும் ஐசோடைப் ஒரு தடவை கிடைக்கவில்லை. கொள்முதல் பிரிவு வேறொரு கம்பெனியின் குப்பியை வாங்கி அனுப்பியது. வகை அதே, சாயமும் அதே. மேல்பார்வைக்கு எல்லாம் சரி. ஆனால் அந்தக் குப்பியில் சரக்கின் அடர்த்தி ஐந்து மடங்கு. பழையதில் போடும் அளவில் ஐந்தில் ஒரு பங்குதான் போட வேண்டும். லேபிளில் சிறிய எழுத்தில் அது இருந்தது. சாரோ சுவரில் மாட்டிய செய்முறையில் உள்ளபடி, எப்போதும்போல் இருபது மைக்ரோலிட்டரே போட்டுவந்தார். சரக்கு கூடினால் பொய் வெளிச்சமும் கூடும். கோடு வலப்பக்கம் தள்ளிப்போகும். பளிச்சென்று ஒளிரும் செல்களுக்கு இதனால் பாதகமில்லை. மங்கலாக ஒளிர்பவை மட்டும் கோட்டுக்கு இந்தப் பக்கம் சிக்கிக்கொள்ளும். ‘உண்டு’ என்று எழுத வேண்டியதை ‘இல்லை’ என்று எழுதுவோம்.

ஒன்றரை வருடம் எழுதினோம்.

குளச்சலில் மரியதாஸ் என்றொருவர். வள்ளங்களின் வெளிப்பொருத்து மோட்டார்களைப் பழுது பார்ப்பவர், அறுபது வயது நெருங்கும். கழுத்தில் நெறி கட்டி, எடை குறைந்து, எங்களிடம் ரத்தம் கொடுத்தார். மெதுவாக முற்றும் வகை ரத்தப் புற்றுநோய். அதில் ஒரு கேள்வி முக்கியம். செல்களின் மேல் சிடி இருபது என்ற குறி இருக்கிறதா? இருந்தால் அந்தக் குறியைப் பிடித்தே செல்லைக் கொல்லும் ஒரு மருந்து உண்டு. இந்த நோயில் அந்தக் குறி பெரும்பாலும் மங்கலாகத்தான் இருக்கும். சார் கோடு போட்டார். கூட்டம் கோட்டுக்கு இடப்பக்கம் நின்றது. ‘இல்லை’ என்று அச்சானது. கூட்டம் வலப்பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்து நிற்பதுபோல எனக்குப் பட்டது உண்மை. கேட்டால் வேலித் தகராறு பற்றிய பிரசங்கம் வரும் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டேன்.

மூன்று வாரத்தில் மரியதாஸ் மாடியேறி வந்தார். மூச்சு வாங்கியது. கையில் இரண்டு ரிப்போர்ட். ஒன்று எங்களுடையது, இன்னொன்று திருவனந்தபுரத்தில் எடுத்தது. அதில் சிடி இருபது ‘உண்டு, மங்கலாக’ என்று இருந்தது.

“ஒரே ரெத்தம் சாரே. இங்க இல்லேன்னு எழுதியிருக்கிய, அங்க உண்டுன்னு எழுதியிருக்காவ. இன்சூரன்சுக்காரன் ரெண்டையும் பாத்துட்டு, முதல்ல நீங்க ஒரு முடிவுக்கு வாங்கன்னு திருப்பி அனுப்பிட்டான்.”

சார் திருவனந்தபுரத்து ரிப்போர்ட்டை முன்னும் பின்னும் திருப்பினார். “இவங்க ஐசோடைப் போடவே இல்லியே! கோடில்லாம எப்படிப் பறஞ்சாங்க?”

“கோடெல்லாம் எனக்கு அறியாது. மருந்து கிட்டுமா கிட்டாதா?”

“ஐசோடைப் போட்டு எடுத்தது எங்களுதுதான். அதை மாத்த முடியாது.”

மரியதாஸ் ரிப்போர்ட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார். “மோட்டாரு ஓடலேன்னா நான் திரும்பக் கழட்டிப் பாப்பேன் சாரே” என்று சொல்லிவிட்டு, வராந்தா நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டார். போகிற எண்ணம் இல்லை.

நானும் ஜெபாவும் உள்ளே வந்து, “கோடில்லாம எப்படிப் பறஞ்சாங்க” என்பதைச் சாரின் குரலில் சொல்லிச் சிரித்தோம். சிரித்து முடித்தபின், முதலாளி கேட்டால் சொல்ல ஒரு காரணம் வேண்டுமே என்று அந்தக் கோப்பைத் திறந்தேன். திறந்ததும் தெரிந்தது. அதே குழாயில், அதே சாயத்தில், மரியதாஸின் டி செல்களும் இருந்தன, நோய் தொடாத வேறு வகை வெள்ளணுக்கள். டி செல்லில் சிடி இருபது கிடையாது. அவை இடப்பக்க ஓரத்தில் நின்றன. நோயுள்ள செல்கள் அவற்றைவிட்டுத் தெளிவாக விலகி வலப்பக்கம் நின்றன. இரண்டையும் தாண்டி, எங்கேயோ தள்ளி, எங்கள் கோடு. திருவனந்தபுரத்துக்காரர்கள் பார்த்தது இதைத்தான். அவர்களுக்கு வேறு குழாயே தேவைப்படவில்லை.

அன்று அஜின் லேசர் சரிபார்க்க வந்திருந்தான். அவனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் திரையைப் பார்க்காமல் நேரே குளிர்பெட்டிக்குப் போய்க் குப்பியை எடுத்தான்.

“மாமா, இதுல எவ்வளவு எடுக்கிய?”

“இருபது. எப்பவும் இருபதுதான். சுவத்துல எழுதிப் போட்டிருக்கே.”

“அது பழைய குப்பிக்கு. இது அஞ்சு மடங்கு, மாமா. லேபிள்ல போட்டிருக்கு.”

சார் குப்பியை வாங்கிக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தார். வராந்தாவுக்குப் போய் மரியதாஸை உள்ளே அழைத்து வந்து, தன் கையாலேயே ரத்தம் எடுத்தார். ஐசோடைப்பை நீர்க்கச் செய்து, சரியான அளவில் கலந்து ஓட்டினார். கோடு இடப்பக்கம் வந்து விழுந்தது. செல்கூட்டம் வலப்பக்கம் நின்றது. “இன்னொருக்கா” என்றார். மூன்று முறை ஓட்டினார். மூன்று முறையும் அதுவே வந்தது.

“உங்க ரிப்போர்ட்டு தப்பு” என்று மரியதாஸிடம் சொன்னார். “தப்பு என்னுது. மருந்து கிட்டும். கடுதாசி இப்பவே தாறேன்.”

“கழட்டிப் பாத்தியல்லா, அது போதும்” என்றார் மரியதாஸ்.

மருந்து கிடைத்தது. நெறி வற்றி, எடை ஏறி, அவர் இப்போதும் குளச்சலில் மோட்டார் கழற்றிக்கொண்டிருக்கிறார். அவர் கதை அப்படி நல்லபடியாக முடிந்தது.

சார் அதோடு விடவில்லை. குப்பி எந்தத் தேதியில் வந்தது என்று தேடினார். ஏற்புச் சீட்டு கிடைத்தது. ‘சரிபார்த்து ஏற்கப்பட்டது’ என்ற வரிக்கு நேரே இருந்தது என் சுருக்கொப்பம். அவர் அதைப் பார்த்தார். நான் பார்ப்பதையும் பார்த்தார். சீட்டைக் கோப்பில் திரும்பச் செருகினார். பிறகு அந்த ஒன்றரை வருடத்துக் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து, ஐசோடைப் கோட்டை அழித்துவிட்டு, அந்தந்த நோயாளியின் டி செல்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார். வாழ்நாள் முழுக்க நம்பிய கோட்டைத் தன் கையாலேயே அழிப்பது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் அப்போது யோசிக்கவில்லை. “சார் புது மதத்துக்கு மாறிட்டாரு” என்று ஜெபாவிடம் சொன்னேன். அவள் அந்த முறை சிரிக்கவில்லை.

மரியதாஸைத் தவிர இன்னும் நாலு பேர் அகப்பட்டார்கள். நாலு பேருக்கும், அவர்களுடைய டாக்டர்களுக்கும் கடிதம் எழுத வேண்டும் என்றார்.

முதலாளிக்குச் சுருக்கென்றது. “கேட்டவருக்குத் திருத்திக் குடுத்தாச்சுல்லா? கேக்காதவங்கிட்ட எதுக்குப் போய்ப் பறயணும்?”

“கேக்கணும்னே அவங்களுக்குத் தெரியாதே முதலாளி.”

முதலாளி என் பக்கம் திரும்பினார். “டாக்டர் என்ன சொல்லுகிய?”

“சட்டப்படி யோசிச்சுச் செய்யணும் சார்” என்றேன். அந்த வாக்கியத்துக்கு என்ன அர்த்தம் என்று அங்கிருந்த மூன்று பேருக்குமே தெரியும்.

அடுத்த நாள் சார் நாலு கடிதங்களோடு என் மேசைக்கு வந்தார். எந்த ரிப்போர்ட், எந்தத் தேதி, எது தவறு, ஏன் தவறு, மறுபரிசோதனை இலவசம் எல்லாம் எளிய தமிழில் இருந்தது. அடியில் இடது பக்கம் அவர் கையெழுத்து. வலது பக்கம் காலியாக இருந்தது.

“டாக்டரே, நீங்களும் வைக்கியளா?”

“ஒரு வக்கீலைக் கேட்டுட்டு வைக்கேன் சார். ரெண்டு வாரம் பொறுக்கலாம்.”

“ரெண்டு வாரம்” என்று அவர் திருப்பிச் சொன்னார். கோபமெல்லாம் இல்லை. கடிதங்களைச் சேர்த்துத் தட்டி நேராக்கிக்கொண்டு போனார். மாலையில் புதிதாக அச்சடித்து வந்தன. வலது பக்கக் கையெழுத்துக்கான இடமே அவற்றில் இல்லை. தக்கலைத் தபால் நிலையத்துக்கு அவரே போய்ப் பதிவுத் தபாலில் அனுப்பினார். மாத முடிவோடு வேலையிலிருந்து நின்றுகொள்ளும்படி முதலாளி சொல்லிவிட்டார்.

நாலு பேரில் இருவர் வந்து மறுபரிசோதனை செய்துகொண்டார்கள், மருந்து மாறியது. மூன்றாமவருக்கு எந்தச் சிகிச்சையும் இன்னும் தேவைப்படவில்லை.

நாலாவது கடிதம் முட்டத்துக்குப் போனது. சாரின் கடைசி வாரத்தில், அந்தக் கடிதத்தோடு ஒரு பெண் மாடியேறி வந்தாள். ஐம்பது வயது இருக்கும். செருப்பைப் படியிலேயே விட்டிருந்தாள்.

“இந்தக் கடுதாசி போட்டது ஆரு?”

சார் எழுந்து நின்றார். “நான்தாம்மா. அவரு வரல்லியா?”

“அவரு போயி அஞ்சு மாசமாச்சு.”

சார் நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை. அவரும் உட்காரவில்லை.

“இதுல எழுதியிருக்க மருந்து கிட்டியிருந்தா, அவரு இருந்திருப்பாரா?”

சார் கண்ணாடியைக் கழற்றினார். “அறியாதும்மா. இருந்திருக்கலாம். இல்லாமலும் போயிருக்கலாம். ஆனா அது அவருக்குக் கிட்டியிருக்கணும். கிட்டாமப் போனதுக்குக் காரணம் நான்.”

அவள் அழுவாள், அல்லது கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் செய்யவில்லை. பையிலிருந்து பழைய ரிப்போர்ட்டை எடுத்து, மேசைமேல் விரித்து, மடிப்புகளை உள்ளங்கையால் நீவினாள். அடியில் விரலை வைத்தாள்.

“இதுல ரெண்டு ஒப்பு கெடக்கே. இது உங்களுக்கது. மத்தது ஆருக்கது?”

பத்தடி தூரத்தில் என் மேசையில் இருந்த நான் மைக்ரோஸ்கோப்பில் குனிந்தேன். சார் என் பக்கம் திரும்பவே இல்லை.

“அது சும்மா முறைக்கு வைக்கிய ஒப்பும்மா” என்றார். “பாத்தது நான் மட்டுந்தான்.”

அவள் ரிப்போர்ட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கும் சத்தம் கேட்டது. அதுவரைக்கும் நான் மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அதில் கண்ணாடித் தகடு எதுவும் வைத்திருக்கவில்லை.